இடது கையால் சாப்பிட்டவர்கள்

மலாக்காவுக்கு நான் வேலை தேடி வரவில்லை. மூவாரிலிருந்து மூட்டைகளோடு மூட்டையாக நான் ஏறி வந்த லோரி அங்கே பழுதாகி நின்றது. "சாமான் சிங்கப்பூர்லேர்ந்து வரணும். நீ வேற வழியப் பாத்துக்கப்பா" என்றார் லோரிக்காரர். மூட்டை தூக்கியதற்குக் கூலியாக ஒரு பொட்டலம் சோறு வாங்கிக் கொடுத்தார். அந்தச் சோற்றைத் தின்ற இடத்துக்கு எதிரே ஓர் அச்சுக்கூடம் இருந்தது. உள்ளே காலால் மிதித்து ஓட்டும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்.

ஈப்போவில் ஓர் அச்சகத்தில் தரை கூட்டியிருக்கிறேன். தரையில் சிந்திக் கிடக்கும் ஈய எழுத்துகளைப் பொறுக்கி எழுத்துப் பெட்டியில் அந்தந்த அறையில் போட வேண்டும். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு மீதிப் படிப்பு அங்கேதான் நடந்தது. ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கும். அப்படியே வாசித்துப் பழகிவிட்டேன். நேராக இருக்கும் எழுத்தைவிடத் திரும்பிய எழுத்து எனக்குச் சுலபம் என்று ஆகிவிட்டது.

மலாக்கா அச்சுக்கூடத்தின் முதலாளி ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். முன்னால் காகிதக் கடை, பின்னால் அச்சு. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், எல்லாம் அடிப்பார். என்னைப் பார்த்ததும், "எழுத்துக் கோக்கத் தெரியுமா, இல்ல எழுத்தத் திருடி ஈயத்துக்கு விக்கத் தெரியுமா?" என்றார்.

"கோக்கத்தான் தெரியும், முதலாளி."

"ரெண்டாவதும் தெரிஞ்சிருக்கும். போ, கைய கழுவிட்டு வா."

காஜா பேராங் என்ற பகுதியில் ஒரு வீட்டின் பின்னறையில் படுக்க இடம் கிடைத்தது. எந்த ஊரிலும் சில மாதங்களுக்கு மேல் நான் தங்குவதில்லை. ஏதாவது ஒன்று கெட்டுப் போகும்போது பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று கால் தேடத் தொடங்கிவிடும். மலாக்காவிலும் முதல் வாரத்திலேயே பஸ் புறப்படும் நேரங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டு அது. தெருக்களில் கட்டிய வளைவுகளைப் பிரித்து முடித்திருந்தார்கள். கொடிகள் மழையில் நனைந்து சாயம் இறங்கித் தொங்கின. ஆளாளுக்கு எதையாவது புதிதாகத் தொடங்கினார்கள். முதலாளிக்கும் ஓர் ஆசை வந்தது. பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கதைப் புத்தகம், படங்களோடு.

"இத்தன வருசமா மெட்ராஸ் புஸ்தகந்தான் விக்கிறேன். நேத்து என் மவ கேக்குறா, 'வாப்பா, இது என்னா?'ன்னு. பாத்தா, கெணத்துல தண்ணி எறைக்கிற ஏத்தம். நான் பொறந்த ஊர்ல இருந்துச்சு. அவ எங்க ஏத்தத்தக் கண்டா? டுரியான் மரத்தப் போடு. ஆத்து முகத்துல நிக்கிற படகப் போடு. இந்த ஊருப் புள்ளைக்கி இந்த ஊருப் படம் வேணாமா?"

ஒரு நிபந்தனையும் போட்டார். கதை எழுதுகிறவரும் படம் போடுகிறவரும் இதுவரை எந்தப் புத்தகத்திலும் பெயர் வராதவர்களாக இருக்க வேண்டும். "பேரு வந்தவனுக்கு நான் எதுக்கு? அவனத்தான் எல்லாரும் கூப்புடுறாகளே."

"அப்ப நான் எழுதலாமா முதலாளி?"

"ஏன், ஒன் பேரு இதுக்கு முன்ன எதுலயாச்சும் வந்துருக்கா? போலீஸ் ஸ்டேசன் புஸ்தகம் கணக்குல வராது."

எழுதினேன். உஜோங் பாசிர் கடற்கரையில் விளையாடப் போன ஒரு சிறுமி, பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் வழி தவறிவிடுகிறாள். மீன்காரர், பலகாரம் விற்கும் மலாய் அம்மா, காப்பிக் கடைச் சீனர் என்று ஒவ்வொருவராக வழி கேட்டு வருகிறாள். ஒவ்வொருவரும் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லி ஏதாவது கொடுக்கிறார்கள். கடைசியில் வீடு வந்து சேர்கிறாள், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. நான் சிறுவயதில் வழி தவறியபோது யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அதனால் கதையில் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்க வைத்தேன்.

நகரத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் தலைமை வாத்தியார் கதையைப் படித்துப் பிழை திருத்திக் கொடுத்தார். புத்தகம் அவருக்குப் பிடித்தால், ஜனவரியில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்குக் கொடுக்க எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பிடிக்காவிட்டால் அது காகிதக் கடையிலேயே கிடந்து கரையானுக்குப் போகும். வேறு வாங்குகிறவர் யாரும் இல்லை.

படம் போடத்தான் ஆள் கிடைக்கவில்லை. பெயர்ப்பலகை எழுதுகிறவர்களைக் கேட்டோம். அவர்கள் சாமி படம் போடத் தயாராக இருந்தார்கள். வழி தவறிய பிள்ளையைப் போடச் சொன்னால், "அதுக்கு என்ன கலர்?" என்று கேட்டார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் கோயில் நோட்டீஸ் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கம்போங் செட்டிக்கு, செட்டிகள் வாழும் குடியிருப்புக்குப் போனேன். காஜா பேராங்கில், நான் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கம்தான். வட்டிக்கடை வைத்திருக்கும் செட்டியார்கள் இல்லை இவர்கள். பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்க் கரையிலிருந்து கப்பலேறி வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே ஊன்றிவிட்டவர்கள். விபூதி உண்டு, கோயில் உண்டு, பொங்கல் உண்டு. பேச்சு மட்டும் மலாய். அதில் நடுநடுவே ஒரு தமிழ்ச் சொல், சோற்றில் கல் அகப்படுவதுபோல் அகப்படும்.

நோட்டீஸ் வாங்கிக்கொள்ள வேண்டியவர் வீட்டில் இல்லை. சன்னலோரத்தில் ஒரு பெண் மெல்லிய தாளில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். கெபாயா சட்டையில் பூத்தையல் போடுகிறவர்களுக்கு மாதிரி வரைந்து கொடுப்பது அவர் வேலை. சேவல், மீன், கொடி, பூ. கோடு எங்கும் தயங்கவில்லை. எனக்கு மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் அவர்கள் பேச்சிலும் இருந்தது.

எங்கள் பேச்சு முழுக்க மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, மனுசங்கள வரைவீங்களா?"

"மனுசனை யாரு சட்டையில தைச்சுக்குவா?"

"சட்டைக்கு இல்ல. புத்தகத்துக்கு."

கதையைச் சொன்னேன். நான் எழுதாமல் விட்டதையெல்லாம் கேட்டார். அந்தப் பிள்ளை செருப்புப் போட்டிருக்கிறாளா? மீன்காரர் கோபக்காரரா? அம்மா அழுதாளா, திட்டினாளா? "ரெண்டும்" என்றேன். "அப்படின்னா சரியான அம்மாதான்" என்றார்.

ஒப்புக்கொண்டார். ஒன்று மட்டும் கேட்டார். புத்தகத்தில் தன் பெயர் வர வேண்டும், தமிழ் எழுத்தில். அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

"திருவிழாவுக்குத் தமிழாளுங்க நிறைய வருவாங்க. எங்ககிட்ட ஏதோ கேப்பாங்க. நாங்க சிரிப்போம். அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு ஏதோ சொல்லிக்கிட்டுப் போவாங்க. என்ன சொல்வாங்கன்னு எங்களுக்குத் தெரியும். அவங்க வாசிக்கிற இடத்துல என் பேர் ஒரு தடவை இருக்கட்டும்."

இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன். அச்சுக்கூடம் என்னுடையதில்லை, புத்தகம் என்னுடையதில்லை, வாத்தியார் என்ன சொல்வார் என்பதும் தெரியாது. ஆனாலும் கொடுத்துவிட்டேன்.

படத்தை அச்சடிக்க உலோகத்தில் பிளாக் செய்யச் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முதலாளிக்கு மனமில்லை. நாடு திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன லினோலியம் தரைவிரிப்பை எங்கிருந்தோ சுருட்டிக்கொண்டு வந்தார். அதைத் துண்டு துண்டாக வெட்டி, மேலே படத்தை வரைந்து, வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, மீதி இருப்பதில் மை தடவி அடித்தால் படம் விழும். பழைய குடைக்கம்பியைத் தீட்டிச் செதுக்குளி செய்து கொடுத்தேன். அக்கா இரண்டு நாள் வீணடித்தார். மூன்றாம் நாள் ஒரு மீன் செதுக்கினார். அதை அடித்துப் பார்த்த முதலாளி, "இது துள்ளுதுப்பா" என்றார்.

ஒவ்வொன்றாகப் படங்கள் வந்தன. ஆற்று முகம், படகு, டுரியான் மரம், பாசார் சந்தை. அம்மாவின் படம் வந்தபோது வாத்தியார் புருவத்தை உயர்த்தினார். படத்தில் அந்த அம்மா சாரோங்கும் கெபாயாவும் உடுத்தியிருந்தாள். கம்போங் செட்டியில் அதுதான் உடை.

"இது எந்த வீட்டு அம்மா?"

"இந்த ஊரு வீட்டு அம்மாங்க வாத்தியாரே" என்றார் முதலாளி.

"தமிழ்ப் பிள்ளைகள் படிக்கப்போகிற புத்தகம். படம் போடுகிறவருக்குத் தமிழே தெரியாது என்கிறீர்கள். பெயரை வேறு போடப் போகிறீர்கள். யார் இவர் என்று நாலு பேர் கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்."

வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டார். "முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று போனார். கெட்டவர் இல்லை. பள்ளிக்குக் கூரை போட வீடு வீடாக ஏறி இறங்கியவர். நாலு பேர் கேட்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்காவின் பெயரை ஏற்கெனவே கோத்துவைத்திருந்தேன். நூலால் கட்டி, மேசை மூலையில் வைத்திருந்தேன். யாராவது அதைக் கலைத்து அறைகளில் போட்டுவிடுவார்களோ என்று காலையில் வந்ததும் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

டிசம்பர் மழை விடாமல் பெய்தது. கடைசிப் படம், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் படம், வந்து சேர்ந்தது. இலை முன்னால் அப்பா, அம்மா, சிறுமி, மாமா, மாமி. எல்லோருக்கும் முகம் இருந்தது. மாமாவுக்குத் தொப்பை இருந்தது. நேரம் இல்லாததால் புரூஃபில் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு நேராக மிஷினில் ஏற்றினோம். பெயர் போடும் முதல் பக்கத்தை மட்டும் காலியாக விட்டு, மற்றதையெல்லாம் அடித்து முடித்து, தாள்களைக் கொடியில் உலரப் போட்டோம்.

மத்தியானம் முதலாளி கடைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயருகே கொண்டு போன கவளம் அப்படியே நின்றது. தலைக்கு மேல் தொங்கும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி."

"முதலாளி?"

"இங்க வா. இவுக எந்தக் கையில சாப்புடுறாக?"

பார்த்தேன். அப்பா இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா இடது கையால். தொப்பை மாமா இடது கையால் நன்றாகப் பிசைந்துகொண்டிருந்தார். சிறுமி இடது கையை நக்கிக்கொண்டிருந்தாள். தாள் தாளாக, கொடி கொடியாக, ஒரு குடும்பமே இடது கையால் பொங்கலுக்கு முதல் நாள் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஈய எழுத்து திரும்பும் என்பதில்தான் என் பிழைப்பே நடக்கிறது. படமும் அப்படித்தான் திரும்பும் என்று அந்த அச்சுக்கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதற்கு முந்திய படங்களெல்லாம் மரம், மீன், படகு, கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் அம்மா. மரத்துக்கு ஏது வலக்கை? லினோலியத்தில் பார்த்தபோது எல்லோரும் ஒழுங்காக வலது கையால்தான் சாப்பிட்டார்கள்.

"வாத்தியாரு பாத்தாருன்னா அடுப்புல போடுவாரு. வாத்தியாரு என்ன, நானே போடுவேன். நாளைக்கி என் மவ எடது கையில சோத்த எடுத்தா, 'வாப்பா அடிச்ச புஸ்தகத்துல இருக்கு'ம்பா."

"திரும்ப அடிச்சிரலாம் முதலாளி."

"எதுல அடிப்ப, என் முதுகுலயா? இந்தத் தாளு தீந்து போச்சு. கப்பல்ல வரணும்." கையைக் கழுவிக்கொண்டு வந்து, அலமாரியின் அடி அறையை இழுத்தார். மெட்ராஸிலிருந்து எப்போதோ வாங்கிய பழைய பிளாக்குகள். பனைமரம், மாட்டு வண்டி, குடத்தோடு சேலை கட்டிய பெண். "இதுல ஒண்ண சின்னத் தாள்ல அடிச்சு அது மேல ஒட்டிருவோம். முடிஞ்சா மத்த பக்கத்துலயும் இதையே ஒட்டிருவோம். வாத்தியாருக்கும் திருப்தி. சனிக்கிழம காலையில வர்றாரு."

"அப்ப படம் போட்டவங்க பேரு?"

"படமே இல்ல, பேரு எதுக்குப்பா?" என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

சனிக்கிழமை காலை வரை பொறுக்கும்படி கெஞ்சினேன். "ஒட்டுறதுக்கு வேற படம் வந்தா பாப்போம். வரலன்னா மாட்டு வண்டி" என்றார்.

மழையில் கம்போங் செட்டிக்கு நடந்தேன். பஸ் நிலையம் எதிர்த் திசையில் இருந்தது. சிரம்பானுக்கு ஒரு பஸ் புறப்படும் நேரம்தான். போய்விட்டால் யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை. பல ஊர்களில் அப்படித்தான் செய்திருக்கிறேன். அன்று ஏன் செய்யவில்லை என்று கேட்டால், கையில் அந்தத் தாள் ஒன்று இருந்தது, நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்தேன், அதை யாரிடமாவது காட்டியாக வேண்டியிருந்தது என்றுதான் சொல்ல முடியும்.

அக்கா தாளைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பாவம் இந்த மாமா, இத்தனை வயசுக்கு மேல இப்படி ஆயிட்டாரே." நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப என் பேர்?"

மாட்டு வண்டியைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். மிச்சமிருந்த லினோலியத் துண்டைக் கொடுத்தேன். அது ஒன்றுதான் இருந்தது. பிசகினால் வேறு இல்லை. இத்தனை முகங்களைச் செதுக்க அவருக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. இப்போது இருப்பது இரண்டு நாள்.

"முகம் வேண்டாம். கையும் வேண்டாம். இனி நான் கை போட்டா எல்லாரும் கையை மட்டுந்தான் பாப்பாங்க" என்றார்.

"ஆள் இல்லாம எப்படிக்கா சாப்பாடு?"

"பொங்கலுக்கு முதல் நாள்தானே? எங்க வீட்ல அன்னைக்கு ஆள் இருக்க மாட்டாங்க."

அப்போதுதான் எனக்கு அந்த வழக்கம் தெரியவந்தது. அதைப் பார்ச்சு என்கிறார்கள். பொங்கலுக்கு முதல் நாள், செத்துப்போனவர்களுக்கு இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் பரிமாறி, விளக்கு வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போகும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. பிறகு கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள். அதற்கப்புறம்தான் உயிரோடு இருப்பவர்களுக்குச் சோறு.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் வளர்ந்த லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில், வீட்டுக்கு ஒரே அறை. சாத்துவதற்கு உள்கதவு இல்லை. செத்துப்போனவர்களுக்குத் தனியாகப் பரிமாறும் அளவுக்குச் சோறும் இல்லை.

அந்த இரண்டு நாளும் என் வேலையில் ஒரே பிழையாக இருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயரை மணமகள் இடத்தில் கோத்துவிட்டேன். முதலாளி படித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்யாணம் நடக்காது" என்று மட்டும் சொன்னார். படம் நன்றாக வந்தாலும் வாத்தியார் என்ன சொல்வார்? கதையில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று இருக்கிறது. படத்தில் ஒருவரும் இல்லை. அந்த வரியை மாற்ற வேண்டும். எதையெதையோ எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் அக்கா சொன்னதையே தமிழில் வைத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் போய் வாங்கிக்கொண்டேன். அக்காவின் விரல்களில் துணி சுற்றியிருந்தது. "கண்ணாடியில காட்டிப் பாத்துட்டேன். எப்படித் திருப்பினாலும் அதே வீடுதான்" என்றார்.

மை தடவி அடித்தோம். ஓர் அறை. தரையில் வரிசையாக வாழையிலைகள், ஒவ்வொன்றிலும் சோறு, மீன், பலகாரம். நடுவில் விளக்கு. சுற்றிலும் கறுப்பு. ஒரு பக்கம் கதவு, விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, அந்த இடுக்கில் ஒரு பிள்ளையின் கண். அடியில் என் வரி: "இலை போட்டாயிற்று. கதவைச் சாத்துங்கள். அவர்கள் முதலில் சாப்பிடட்டும்."

முதலாளி வெகு நேரம் பார்த்தார். "எனக்கு இந்த வழக்கம் கெடையாது. ஆனா இந்த வீட்டுக்குள்ள சத்தம் போட்டுப் பேச எனக்கு மனசு வராது" என்றார். மாட்டு வண்டியை இன்னும் அறைக்குள் வைக்கவில்லை. மேசை மேல்தான் கிடந்தது.

வாத்தியார் வந்தார். முன் பக்கங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கெபாயா அம்மாவிடம் ஒரு கணம் நின்றார், மேலே போனார். மாதிரிக்கு ஒரு தாளில் ஒட்டிய படத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதை வரைந்தது அந்தச் செட்டிப் பெண்தானா?"

"ஆமாங்க."

"யாரும் சொல்லிக் கொடுத்தார்களா?"

"இல்லீங்க. அவங்க வீட்டுப் பழக்கம்."

"எங்கள் வீட்டிலும் இதுதான்" என்றார். "அப்பாவுக்குப் படைத்துவிட்டு அம்மா கதவைச் சாத்துவாள். நாங்கள் வெளியே பசியோடு நிற்போம். தமிழ் விட்டுப்போன வீட்டில் இது எப்படி விடாமல் இருக்கிறது?" யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு கதவிடுக்கைச் சுட்டிக் காட்டினார். "ஆனால் இது தப்பு. எட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு எங்கள் வீட்டில் ரோத்தான் பிரம்பால் அடி விழும்."

"செட்டி வீட்ல மட்டும் முத்தமா குடுப்பாக?" என்றார் முதலாளி.

வாத்தியார் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பி, "பெயரில் எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களால் பார்த்துச் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி மாட்டு வண்டியை எடுத்து அடி அறைக்குள் போட்டுக் காலால் மூடினார்.

மூலையில் கட்டிவைத்திருந்த பெயரைக் கொண்டு வந்து முதல் பக்கத்தில் பூட்டினேன். மூன்று முறை சரிபார்த்தேன். பிறகு எல்லோருமாக உட்கார்ந்து, மாவுப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்து, இடது கைக் குடும்பத்தின் மேல் காலி வீட்டை ஒட்டினோம்.

புத்தகத்தைக் கொண்டு போய்க் கொடுத்தபோது, "எது என் பேர்?" என்று கேட்டார் அக்கா. விரலை வைத்துக் காட்டினேன். "இவ்வளவு நீளமா?" என்றார். ஈரம் காயாததுபோல் தொடாமல் பார்த்தார். பிறகு ஒன்று கேட்டார். "பிள்ளைங்க இதை வாசிப்பாங்களா? இல்ல, படத்தைப் பாத்துட்டுத் தாளைத் திருப்பிடுவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல நாள் தோன்றியது.

அடுத்த மழைக்காலத்துக்குள் நான் மலாக்காவை விட்டிருந்தேன். ஒன்றும் கெட்டுப் போகவில்லை. கால் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ரயில் தண்டவாள வேலை, கொஞ்ச நாள் மரக் கிடங்கு, பிறகு சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் களை வெட்டு. போகிற ஊரிலெல்லாம் பிள்ளைகள் கையில் புத்தகம் இருந்தால் எட்டிப் பார்ப்பேன். அக்காவின் கேள்வி சட்டைக்குள் ஒட்டிய முள்போல் கூடவே வந்தது.

அந்தச் சிகாமட் தோட்டத்தில் ஒரு சாயங்காலம், லயத்துப் படியில் உட்கார்ந்து ஒரு சிறுமி சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அட்டை போயிருந்தது. முனைகள் சுருண்டிருந்தன. எப்படி அங்கே வந்து சேர்ந்ததோ தெரியாது. அதே புத்தகம். படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் ஓர் எழுத்தையும் விடுவதில்லை. முதல் பக்கத்தில் அச்சுக்கூடத்தின் பெயரைப் படித்தாள், தெருவைப் படித்தாள், கதை எழுதியவர் பெயரைப் படித்தாள், படம் என்று போட்டு எதிரே இருந்த பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். நடுவில் ஓரிடத்தில் தடுக்கி, மறுபடி தொடங்கி, முழுசாகச் சொன்னாள். எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. நின்றுகொண்டுதான் இருந்தேன்.

கடைசிப் பக்கம் வந்தபோது, ஒட்டிய படம் மூன்று பக்கமும் பிய்ந்து ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு, கதவுபோல் திறந்து மூடியது.

"ஏம்மா பிச்ச?"

"நான் பிக்கல. எனக்கு முந்தியே எல்லாரும் எச்சி தொட்டுப் பிச்சுட்டாங்க. உள்ள ஆளுங்க இருக்காங்க, பாருங்க."

"யாரு அவங்க?"

"கதவு சாத்துனதுக்கு அப்பறம் வந்தாங்கள்ல, அவங்க. செத்துப் போனவங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதான் எடது கையில சாப்புடுறாங்க."

தாளை மெதுவாக மூடினாள், அவர்களுக்கு இடைஞ்சல் கூடாது என்பதுபோல.

மறுநாள் கூலி நாள். வாங்கிக்கொண்டு மலாக்கா பஸ்ஸில் ஏறினேன். ஓர் ஊருக்குத் திரும்பிப் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அக்கா இருப்பாரா, வேறெங்காவது போயிருப்பாரா, என்னை ஞாபகம் இருக்குமா என்று வழியெல்லாம் கவலை. சன்னலோரத்தில் அதே இடத்தில் இருந்தார். தாளில் ஒரு மயில் பாதி வந்திருந்தது.

நான் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். தோட்டம், லயம், பிய்ந்த படம், கதவு. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"முதல்ல அதைச் சொல்லு. பேரை வாசிச்சாளா?"

"வாசிச்சா. நடுவுல ஒரு எழுத்துல தடுக்கிட்டா. அப்பறம் சரியா வாசிச்சா."

"எப்படி வாசிச்சா? அதே மாதிரி சொல்லு."

அந்தப் பிள்ளை தடுக்கிய அதே இடத்தில் தடுக்கி, மறுபடி தொடங்கி, அக்காவின் பெயரை அவருக்குச் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல் என்றார்.